ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுப்போம்

எப்பொக்சிப் பிசின் வார்ப்புத் தொழிலில் இறுகும் நேரம் பற்றிய ஒரு விளக்கம்

விதைத்த மறுநாளே வயலுக்குப் போய், முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கும் கமக்காரர் எவரும் இல்லை. குரக்கனுக்கு எத்தனை நாள், உழுந்துக்கு எத்தனை நாள், மூன்று மாத நெல்லை எப்போது விதைப்பது, நான்கு மாத நெல்லை எப்போது விதைப்பது என்பதெல்லாம் எமது மக்களுக்குக் கைவந்த கணக்கு. நிலத்தை விட்டு வந்த பின்னரும் அந்தக் கணக்கு எம்மை விட்டுப் போகவில்லை. நகரத்தில் புதிய கைத்தொழில் ஒன்றைத் தொடங்கும்போது அதே கணக்கு எவ்வாறு கைகொடுக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக அலைந்தவர்கள் என, இடம்பெயர்ந்தோர் பல வழிகளால் வந்தவர்கள். சிலர் ஊர் திரும்பிவிட்டனர். சிலருக்குக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. வேறு சிலரைப் பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் கொழும்போடு கட்டிப்போட்டுள்ளன. எங்கிருந்தாலும், கையில் உள்ள சிறு பணத்தை ஒரு சுயதொழிலில் போடும்போது அது வீணாகிவிடக் கூடாது என்ற கவலை எல்லோருக்கும் பொதுவானது.

தெமட்டகொடையும் தொழிலும்

கொழும்பு 9இல் உள்ள தெமட்டகொடை, தொழிலின் சத்தம் கேட்கும் இடம். மருதானையிலிருந்து வரும் புகையிரதப் பாதை இதனூடாகச் செல்கின்றது. புகையிரத இயந்திரங்களைப் பராமரிக்கும் பெரிய கொட்டகை இங்குதான் உள்ளது. பேஸ்லைன் வீதியில் இரவும் பகலும் வாகனங்கள் ஓடுகின்றன. வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையும் அதிக தூரமில்லை. தொடர்மாடிகளிலும், 'வத்தை' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் மக்கள் வாழ்கிறார்கள்.

இப்படியான இடத்தில் மாடு கட்ட முடியாது; பாத்தி கட்டவும் முடியாது. ஒரு மேசை, ஒரு சிறு தராசு, காற்றோட்டமான ஓர் ஒதுக்கிடம் ஆகியவை இருந்தால் செய்யக்கூடிய தொழில்களில் ஒன்றுதான் எப்பொக்சிப் பிசின் வார்ப்பு. தெளிந்த தேன்போன்ற பிசினை அச்சில் ஊற்றி, அதற்குள் காய்ந்த பூ, சிப்பி, மஞ்சாடி விதை, பனையோலைப் பின்னல் துண்டு போன்றவற்றைப் பதித்தால், திறப்புக் கோர்வை, பெயர்ப்பலகை, பதக்கம், கடதாசிப் பாரம் எனப் பல பொருட்களைச் செய்யலாம். பனையோலையில் கைதேர்ந்த எமது பெண்களுக்கு இதில் புதிய அழகுகளைக் காட்ட இடமுண்டு.

ஆனால் பார்ப்பதற்கு இலகுவான இத்தொழிலில் முதல் மாதமே நட்டப்பட்டுக் கைவிடுவதற்குப் பெரும் காரணம் அவசரம். 'ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்று எமது பெரியவர்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

பிசின் எவ்வாறு இறுகுகிறது?

எப்பொக்சி என்பது இரண்டு போத்தல்களில் வருவது. ஒன்று பிசின். மற்றையது அதனை இறுகச் செய்யும் திரவம். கடைக்காரர் 'ஹார்ட்னர்' என்பார். நாம் இங்கே இறுக்கி என்போம். 1930களில் சுவிற்சர்லாந்தில் பியர் காஸ்ரன் என்பவர் பல் வைத்தியத்துக்கான பொருட்களை ஆராயும்போது இவ்வகைப் பிசினை உருவாக்கினார். அமெரிக்காவில் சில்வன் கிறீன்லீ என்பவரும் தனியாக இதே வழியில் முயன்றார். 1946இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் 'அரால்டைட்' என்ற பெயரில் எப்பொக்சிப் பசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உடைந்த சாமானை ஒட்ட நாம் வாங்கும் அந்த இரட்டைக் குழாய்ப் பசையும், வார்ப்புப் பிசினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெயின்ற் காய்வதுபோல இது காய்வதில்லை. பெயின்ற்றில் உள்ள கரைப்பான் காற்றில் போய்விட, மீதி ஒட்டிக்கொள்ளும். எப்பொக்சியில் எதுவும் வெளியே போவதில்லை. பிசினின் நுண்துகள்களும் இறுக்கியின் நுண்துகள்களும் ஒன்றோடொன்று கைகோத்து, வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. பின்னல் முடியும்வரை வேலை முடியவில்லை. ஆகவே விசிறி பிடிப்பதால் இது விரைவாக இறுகாது.

நான்கு நேரங்கள்

போத்தலில் ஒட்டியுள்ள தாளிலோ கூட வரும் விளக்கத்தாளிலோ பல நேரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிவிடுவோர் பலர். அவை நான்கு.

முதலாவது, கலவை பாவிக்கக்கூடிய நேரம். கலந்ததிலிருந்து ஊற்றி முடிக்கும்வரை எமக்குக் கிடைக்கும் அவகாசம் இது. பல வார்ப்புப் பிசின்களில் இது 20 முதல் 40 நிமிடம் வரை இருக்கும்.

இரண்டாவது, பாகு பிடிக்கும் நேரம். ஊற்றிய பிசின் அசையாமல், தொட்டால் விரலில் ஒட்டும் நிலைக்கு வருவது. இதற்குச் சில மணித்தியாலங்கள் செல்லும். இன்னொரு படை ஊற்றுவதாயின் இந்த நிலையில்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு படைகளும் ஒன்றாகிப் பிடிக்கும். முற்றாக இறுகிவிட்டால், மேற்பரப்பை உரஞ்சித் துடைத்த பின்னரே அடுத்த படையை ஊற்றலாம்.

மூன்றாவது, அச்சிலிருந்து கழற்றும் நேரம். சாதாரண வகைகளுக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம். தடிப்பாக ஊற்றுவதற்கென்று செய்யப்படும் மெதுவான வகைகளுக்கு 48 முதல் 72 மணித்தியாலம் வரை செல்லலாம்.

நான்காவது, முழுமையாக இறுகும் நேரம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சிலிருந்து கழற்றும்போது பொருள் கல்போலத் தோன்றினாலும் உள்ளே பின்னல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பொதுவாக 7 நாட்கள் வரை அது தொடரும். அதற்குள் திறப்புகளோடு கோத்துவிட்டால் கீறல் விழும். வெயிலில் வைத்தால் வளையும். பொலித்தீனில் இறுகச் சுற்றினால் பொலித்தீனின் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும்.

இவை பொதுவான அளவுகள் மட்டுமே. நீங்கள் வாங்கிய போத்தலின் விளக்கத்தாள் சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

வெப்பம் கணக்கை மாற்றும்

விளக்கத்தாளில் உள்ள நேரம் பெரும்பாலும் 20 அல்லது 25 பாகை செல்சியசுக்கு உரியது. வெப்பம் 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 10 பாகை குறைந்தால் பாதியாகும். இதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அது 30ஐத் தாண்டிவிடும். 20 பாகையில் 40 நிமிடம் என்று எழுதியிருந்தால், தெமட்டகொடையில் நண்பகலில் 20 நிமிடத்தில் கலவை கையை விட்டுப் போய்விடும். ஆகவே விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ கலப்பது நல்லது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை மட்டுமே. கொழும்பில் ஒரு நாளில் கழற்றக்கூடிய பொருளுக்கு அங்கே இரண்டு நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் பழகியவர் வேறிடம் போனால் முதலில் சிறிதளவு கலந்து நேரத்தைக் குறித்துப் பார்க்க வேண்டும். புது மண்ணில் ஒரு பாத்தி போட்டுப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இறுகும்போது பிசினே சூட்டைப் பிறப்பிக்கிறது. மெல்லிய படையாக ஊற்றினால் சூடு பரவிப் போய்விடும். ஒரு கோப்பை நிறையக் கலந்து அப்படியே வைத்துவிட்டால் சூடு வெளியேற வழியின்றி, சூட்டால் வேகமும் வேகத்தால் சூடும் கூடிக்கொண்டே போகும். வைக்கோலை ஈரத்தோடு குவித்தால் நடுவே சூடேறுவது எமக்குத் தெரிந்ததே. பிசின் அதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறும். கோப்பை உருகி, புகை வந்து, பிசின் மஞ்சளாகி வெடித்துவிடும். எனவே ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். சாதாரண வார்ப்புப் பிசினை ஒரு படைக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றருக்கு மேல் ஊற்றாதிருப்பது பாதுகாப்பு. கலவை சூடேறத் தொடங்கினால் கோப்பையை வெளியே கொண்டுபோய்த் தகரத் தட்டில் பரப்பிவிடுங்கள். அதன் புகையை முகரக் கூடாது.

இறுக்கியைக் கூட்டினால் விரைவாகுமா?

ஆகாது. இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க முடியுமாயின் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறான எண்ணம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. காரைநகரில் நோர்வே உதவியுடன் உருவான சீநோர் படகுத்தளத்தை வடபகுதி மக்கள் அறிவர். அங்கு செய்யப்பட்டவை போன்ற கண்ணாடிநார்ப் படகுகளுக்குப் பாவிக்கப்படுவது பொலியெஸ்ரர் பிசின். அது வேறு இனம். அதற்குச் சேர்க்கப்படும் பெரொக்சைட்டு இறுக்கி நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு மட்டுமே. அது இறுகும் வேலையைத் தொடக்கிவிடும் தீக்குச்சி போன்றது. குறித்த எல்லைக்குள் அதைச் சற்றுக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். படகு வேலை பழகியவர்கள் அதே பழக்கத்தை எப்பொக்சிக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

எப்பொக்சியில் இறுக்கி தீக்குச்சி அல்ல. சுவர் கட்டும் கற்களில் பாதி. ஒவ்வொரு பிசின் துகளுக்கும் இவ்வளவு இறுக்கி என்று கணக்குண்டு. கூடினால், கைகோக்கத் துணையில்லாத இறுக்கி உள்ளேயே தங்கிவிடும். குறைந்தால் பிசின் தங்கிவிடும். இரண்டிலும் பொருள் பிசுபிசுப்பாகவோ றப்பர் போலவோ இருக்கும். ஒரு வாரம் அல்ல, ஒரு வருடம் வைத்தாலும் அது இறுகாது.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நிறையால் அளப்பதும் கொள்ளளவால் அளப்பதும் ஒன்றல்ல. சாதாரண அரால்டைட்டில் கொள்ளளவால் சரிக்குச் சரி. நிறையால் என்றால் 100 கிராம் பிசினுக்கு 80 கிராம் இறுக்கி. விளக்கத்தாளில் உள்ளது நிறையா கொள்ளளவா என்பதைத் தெளிவாகக் கேட்டறியுங்கள். கண்மதிப்பு இங்கே உதவாது. சிறு மின்தராசு ஒன்று முதலாவது முதலீடாக இருக்கட்டும். கலக்கும்போது கோப்பையின் அடியையும் பக்கங்களையும் வழித்து, 3 முதல் 5 நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். பின்னர் வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி இன்னொரு முறை கலந்தால், கலவாத பிசின் மூலையில் தங்காது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1 கிலோ பிசினும் அரைக் கிலோ இறுக்கியும் கொண்ட பொதி ஒன்றில், 20 கிராம் நிறையுள்ள 75 திறப்புக் கோர்வைகள் செய்யலாம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் பிழையாகக் கலந்தால் 75உம் குப்பைக்கே. 5 தடவையாகப் பிரித்துச் செய்திருந்தால், பிழைத்தாலும் 15 மட்டுமே நட்டம்.

மழைக்காலமும் ஈரமும்

கொழும்பில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் மழை அதிகம். ஈரக்காற்று பட்டால், இறுகிவரும் பிசினின் மேல் மெழுகு பூசியதுபோல ஒரு மங்கல் படியலாம். அதை உரஞ்சாமல், முழுதாக இறுகிய பின் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும். ஊற்றிய அச்சுகளை ஒரு பெட்டியால் மூடி வைத்தால் ஈரமும் தூசியும் எறும்பும் அண்டாது. போத்தல் மூடிகளை உடனுக்குடன் இறுக்குங்கள். பதிக்கும் பூவும் ஓலையும் விதையும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சற்று ஈரம் இருந்தாலும் உள்ளே குமிழியும் கறுப்பும் தோன்றிவிடும்.

விரைவாக்கவென்று அச்சை நேர் வெயிலில் வைப்பது தவறு. குமிழி பெருகும், நிறமும் கெடும். முழுதாக இறுகிய பொருளும் நீண்டகால வெயிலில் மஞ்சளாகும் என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறை வெப்பத்தில் இறுகிய பல வார்ப்புப் பிசின்கள் 50, 60 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். சூடான தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டுக்கு இது ஏற்றதல்ல. உண்ணும் பாத்திரம் எதையும் இதில் செய்யாதீர்கள்.

விதைப்புப் போலத் திட்டமிடல்

நேரம் தெரிந்தவருக்கு வாக்குக் கொடுக்கவும் தெரியும். திங்கள் மாலை ஊற்றினால் செவ்வாய் மாலை கழற்றலாம். வியாழன் வரை வைத்து ஓரங்களை உரஞ்சலாம். அடுத்த செவ்வாய்க்கு முன்னர் பொதி கட்டக் கூடாது. இரண்டு படை ஊற்றும் பொருளுக்கு இன்னும் ஒரு நாள். ஏதாவது பிழைத்தால் மீண்டும் செய்வதற்கு மூன்று நாட்கள். ஆகவே கலியாண வீட்டுக்கோ தேவாலயத் திருவிழாவுக்கோ பொருள் கேட்டு வருபவரிடம் 'இரண்டு கிழமை வேண்டும்' என்று நேராகச் சொல்லுங்கள். 'நாளைக்குத் தாறன்' என்று சொல்லிப் பிசுபிசுத்த பொருளைக் கொடுப்பவரிடம் எவரும் இரண்டாம் முறை வருவதில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. தோட்டத்தில் கீரையை ஒரே நாளில் விதைக்காமல், கிழமைக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் ஒவ்வொரு கிழமையும் சந்தைக்குக் கொண்டுபோக ஏதாவது இருக்கும். அதுபோல நாளுக்குச் சிறு தொகுதியாக ஊற்றினால், முதற் கிழமைக்குப் பின்னர் ஒவ்வொரு நாளும் ஒரு தொகுதி விற்பனைக்குத் தயாராகும். ஒவ்வொரு தொகுதிக்கும் திகதி, கலந்த நேரம், அளவு, வானிலை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோப்பையில் மிஞ்சிய துளியையும் இலக்கமிட்டு வையுங்கள். விற்கும் பொருளை நகத்தால் கீறிப் பார்க்காமல், அந்தத் துளியைக் கீறி இறுக்கத்தை அறியலாம்.

உடல்நலம் முதலில்

இறுகாத பிசினும் இறுக்கியும் தோலில் படக்கூடாது. முதல் நாள் பட்டால் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் படும்போது உடல் அதை எதிரியாகக் கண்டுகொள்ளும். பின்னர் சிறு துளி பட்டாலும் கடி, சிவப்பு, கொப்புளம் வரும். அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். தொழிலையே விட வேண்டிவரும். எனவே நைற்றைல் கையுறை அணியுங்கள். கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். தின்னர் தோலின் காப்பைப் போக்கி, பிசினை உள்ளே புகவிடும். சவர்க்காரமும் நீருமே போதும். கண்ணிற் பட்டால் நீண்ட நேரம் நீரால் கழுவி உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஒரே அறையில் சமைத்துத் தூங்கும் குடும்பங்கள் அந்த அறையில் இதைச் செய்யக் கூடாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சன்னல்கள் உள்ள ஒரு பொது இடத்தைப் பெற்றுக்கொள்வது நல்லது. ஊற்றிய அச்சுகளும் முதல் இரவை அங்கேயே கழிக்கட்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அங்கு வரவேண்டாம். முழுதாக இறுகாத பொருளை உரஞ்சினால் எழும் தூளும் ஒவ்வாமையைத் தரும். உரஞ்சும்போது தூள் தடுக்கும் முகமூடி அணிந்து, பொருளை நனைத்து உரஞ்சுங்கள். மிஞ்சிய பிசினைக் கானிலோ தெமட்டகொடைக் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். சிறிது சிறிதாகக் கலந்து இறுகவைத்துக் குப்பையில் போடலாம். பொலியெஸ்ரர் பிசின் பாவிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: கோபால்ற்றையும் பெரொக்சைட்டு இறுக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். அது தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும்.

ஊருக்குக் கொண்டுபோகும் அறிவு

இந்த அறிவு கொழும்போடு முடிவதில்லை. கிணற்று நீருள் அமிழ்ந்து வேலைசெய்யும் மின்பம்பியின் வயரை இணைக்கும்போது, நீர் புகாதிருக்க இணைப்பைச் சுற்றிப் பிசின் ஊற்றி மூடும் பொதிகள் உண்டு. ஊற்றிய சிறிது நேரத்தில் அது கெட்டியாகத் தோன்றும். தண்ணீர் வேண்டும் என்ற அவசரத்தில் உடனே கிணற்றுக்குள் இறக்கினால், உள்ளே இறுகாத இடத்தால் நீர் புகலாம். பம்பி எரிவது ஒரு நட்டம். கிணற்று நீரில் மின்சாரம் பாய்ந்தால் போவது உயிர். பொதியில் உள்ள நேரம் முடியும்வரை காத்திருங்கள். இணைப்பைத் தேர்ந்த மின்தொழிலாளரே செய்யட்டும்.

எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றியவர் வார்னிஷ் பூசிச் சூட்டில் வைத்து இறுக்க ஒருநாள் கேட்டால், அதையும் கொடுங்கள். விரிசல் கண்ட இரும்புப் பம்பிக் கூட்டை எப்பொக்சிப் பசையால் அடைத்தால், ஓர் இரவாவது விட்டுப் பின்னர் ஓட்டுங்கள். மருந்து தெளிகருவியின் பொலித்தீன் வகைத் தாங்கியில் மட்டும் இப்பசை பிடிப்பதில்லை. அதில் பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டாம்.

மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், விதைத்துவிட்டு இரவில் தூங்கிப் பகலில் எழும்பும் ஒரு கமக்காரரைப் பற்றிய உவமை உண்டு. விதை எவ்வாறு வளர்கிறது என்று அவர் அறியார்; ஆனாலும் அது வளர்கிறது. அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர். ஆகவே நிம்மதியாகத் தூங்குகிறார். எமது கைத்தொழிலிலும் அப்படியே. சரியாக அளந்து, நன்றாகக் கலந்து, ஈரம் படாமல் மூடி வைத்தபின் எமது பங்கு முடிந்துவிட்டது. அச்சைத் திறந்து திறந்து பார்க்காமல், கொப்பியில் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த தொகுதிக்கான ஓலையைப் பின்னத் தொடங்குவோம்.